குண்டிக்காயில் தங்கும் காட்மியத்தைத் துத்தநாகம் விரட்டுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. மனைவிக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் சிங்கப்பூர்த் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் ஆட்டு ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்), குண்டிக்காய் (சிறுநீரகம்) என்று மாற்றி மாற்றி வாங்கி வந்து பத்தியச் சமையல் செய்கிறார். உள்ளுறுப்புகளில் காட்மியம், ஈயம் மாதிரியான கன உலோகங்கள் சேரும் என்று எங்கோ படித்துவிட்டீர்கள். தீவனத்தில் துத்தநாகமும் செலீனியமும் சேர்த்தால் அந்த விஷம் முறிந்துவிடும் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. அப்படியானால் நல்ல பண்ணை ஆட்டின் உறுப்புகளைப் பயமில்லாமல் சாப்பிடலாமா, நாமும் துத்தநாக மாத்திரை போட்டுக்கொண்டால் தப்பித்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். பார்க்க ஒரே கேள்விபோல இருந்தாலும் இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆட்டுக்கு நல்லதா என்பது ஒன்று, ஆட்டைச் சாப்பிடுபவருக்கு நல்லதா என்பது இன்னொன்று. நீங்கள் படித்தது முதல் கேள்விக்கான பதில். அதை இரண்டாவதற்கும் சேர்த்து எடுத்துக்கொண்டதால்தான் குழப்பம்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்தேன். கொஞ்ச காலம் ஊரில் மாடும் ஆடும் பார்த்துவிட்டுச் சிங்கப்பூர் வந்து, இருபது வருடத்துக்கும் மேலாக ஆய்வகத்தில் இறைச்சி, மீன், தீவனம் ஆகியவற்றில் உலோகங்களை அளக்கும் வேலை பார்த்தேன். மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவன் இல்லை. அதனால் உங்கள் மனைவியின் உடம்பைப் பற்றி நான் சொல்வதைப் பலதுறை மருந்தக மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டைப் பற்றிச் சொல்வதை நம்பலாம்.

முதலில் உறுதியாகத் தெரிந்தவை. தனிம அட்டவணையில் துத்தநாகம், காட்மியம், பாதரசம் மூன்றும் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் நிற்பவை, பங்காளிகள் மாதிரி. காட்மியத்தால் உடம்புக்கு எந்த உபயோகமும் கிடையாது, அதை உள்ளே விடுவதற்கென்று தனி வாசலும் கிடையாது. துத்தநாகத்துக்கும் இரும்புக்கும் சுண்ணாம்புச்சத்துக்கும் குடல் திறந்து வைத்திருக்கும் வாசல்களில்தான் அது நுழைகிறது. இரும்பு குறைந்த உடம்பு, கிடைப்பதை விடக்கூடாது என்று அந்த வாசல்களை அகலத் திறந்து வைக்கும். காட்மியமும் கூடவே வந்துவிடும். இதை மனிதர்களிடமே அளந்திருக்கிறார்கள். 1978இல் வெளியான ஓர் ஆய்வில், இரும்புச்சத்து போதுமான அளவு இருந்தவர்கள் வாய்வழி கொடுத்த காட்மியத்தில் சுமார் 2 விழுக்காட்டை உறிஞ்சினார்கள். இருப்பு குறைந்தவர்கள் சுமார் 9 விழுக்காடு உறிஞ்சினார்கள். எலிகளிலும் இதே கதைதான். துத்தநாகம், இரும்பு, சுண்ணாம்பு மூன்றும் மட்டுமட்டாக இருக்கும் தீவனம் கொடுத்தால், அதே அளவு காட்மியம் பல மடங்கு அதிகமாக உடம்பில் தங்குகிறது. ஆகவே பற்றாக்குறையைச் சரிசெய்தால் கன உலோகம் உள்ளே போவது குறையும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உள்ளே போன பிறகு என்ன ஆகிறது என்பதுதான் சுவாரசியமான பகுதி. 1957இல் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து ஒரு சின்னப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். பின்னால் அதற்கு மெட்டலோதயோனின் என்று பெயர் வைத்தார்கள். அறுபது சொச்சம் அமினோ அமிலங்கள், அவற்றில் இருபது கந்தகம் தாங்கியவை. அந்தக் கந்தகங்களெல்லாம் உலோகத்தைப் பிடிக்கும் கொக்கிகள். ஒரு மூலக்கூறு ஏழு துத்தநாக அணுக்களைப் பிடித்து வைக்கும். காட்மியம் வந்தால் துத்தநாகத்தை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் அது உட்காரும், அதுவும் இன்னும் இறுக்கமாக. துத்தநாகம் அதிகம் கொடுத்தால் கல்லீரல் இந்தப் புரதத்தை அதிகம் தயாரிக்கிறது. கொக்கிகள் கூடினால் தனியாகத் திரியும் காட்மியம் குறையும், கல்லீரல் பிழைக்கும். இந்தப் புரதத்துக்கான மரபணுவை நீக்கிய சுண்டெலிகள் சாதாரண எலிகள் தாங்கும் அளவு காட்மியத்தையே தாங்காமல் போயின. துத்தநாகம் காக்கிறது என்று நீங்கள் படித்ததன் அடிப்படை இதுதான். அது பொய் இல்லை.

ஆனால் பிடித்து வைத்த காட்மியம் எங்கே போனது? எங்கும் போகவில்லை. கல்லீரலில் கட்டுண்டு கிடக்கும் அந்தப் பொட்டலம் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கசிகிறது. சின்ன மூலக்கூறு என்பதால் சிறுநீரக வடிகட்டியில் சுலபமாக இறங்கிவிடும். உடனே சிறுநீரகக் குழாய்களின் செல்கள், நல்ல புரதம் வீணாகிறதே என்று அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். செல்லுக்குள் புரதம் செரித்துப்போகும், காட்மியம் மிஞ்சும். அதைப் பிடிக்க அந்தச் செல் மறுபடி புதுக் கொக்கிகளைச் செய்யும். இப்படியே வருடக்கணக்கில் சேரும். மனிதச் சிறுநீரகத்தில் ஒருமுறை தங்கிய காட்மியம் பாதியாகக் குறையவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கல்லீரலைக் காப்பாற்றும் ஏற்பாடே சிறுநீரகத்தைக் கிடங்காக்கிவிடுகிறது. ஆட்டுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. சிறுநீரகம் கெடும் அளவுக்குச் சேருவதற்கு முன்பே அது கறிக்கடைக்கு வந்துவிடும். நஷ்டம், அந்தக் கிடங்கை வறுத்துச் சாப்பிடுபவருக்கு.

அதனால், துத்தநாகம், செலீனியம் மாதிரி உடம்புக்குத் துளியளவே வேண்டிய நுண்தாது ஒன்று காக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, உறுப்பில் உலோகத்தின் அளவு குறைந்ததா அல்லது அளவு அப்படியே இருந்து கேடு மட்டும் குறைந்ததா என்றுதான். இரண்டும் வேறு வேறு. பார்ஷிசெக் என்ற செக் ஆய்வாளர், காட்மியத்தால் எலிகளின் விரைகள் கருகிப்போவதைத் துத்தநாகம் தடுக்கிறது என்று 1957இல் காட்டினார். பின்னால் செலீனியத்துக்கும் அந்தச் சக்தி இருப்பது தெரிந்தது. ஆனால் செலீனியம் கொடுத்த எலிகளின் விரைகளை அளந்தபோது, அங்கே காட்மியம் கூடியிருந்தது! விரைகள் நன்றாகத்தான் இருந்தன. காட்மியம் செலீனியத்தோடு சேர்ந்து ஒரு பெரிய புரதத்தில் கட்டுண்டு, கெடுதல் செய்ய முடியாமல் கிடந்தது. எலியின் பார்வையில் இது வெற்றி. அந்த உறுப்பை உணவாகப் பார்ப்பவருக்கு அளவு கூடியிருக்கிறது. சமையலிலும் வயிற்று அமிலத்திலும் அந்தக் கட்டு எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை நம்பிக் குண்டிக்காய் சாப்பிடச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்தப் பழைய சோதனைகளில் பல, ஒரே ஊசியில் பெரிய அளவைச் செலுத்திச் செய்தவை. பண்ணையிலும் வீட்டிலும் நடப்பது துளித்துளியாக வருடக்கணக்கில் சேர்வது. ஊசியில் தெரிந்த பாதுகாப்பு அதே அளவில் சாப்பாட்டிலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அளப்பதிலேயே எத்தனையோ பொறிகள் இருக்கின்றன. ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு வாரம் முழுக்க என் மாதிரிகள் எல்லாவற்றிலும் துத்தநாகம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் குற்றவாளி என் கையுறை. ரப்பர் கையுறை தயாரிப்பில் துத்தநாக ஆக்சைடு சேர்ப்பார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சிறுநீரகத்திலும் வெளிப்புறப் பட்டையில் காட்மியம் அதிகம், உள்பகுதியில் குறைவு. வெட்டுகிற கை எங்கே வெட்டியது என்பதைப் பொறுத்து எண்ணே மாறும். அதனால் ஏதோ ஒரு கட்டுரையில் வந்த ஒற்றை எண்ணை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம் என்பேன்.

தாது உப்புக் கலவை கொடுத்தால் ஆடு நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு எல்லை உண்டு. அதை நான் கற்றுக்கொண்டது பயிற்சிக் காலத்தில். ஒரு செம்மறிப் பண்ணையில் வாரத்துக்கு இரண்டு மூன்று ஆடுகள் திடீர் திடீரென்று செத்தன. கண் மஞ்சள், மூத்திரம் கறுஞ்சிவப்பு. அறுத்துப் பார்த்தால் சிறுநீரகங்கள் துப்பாக்கிக் குழல் நிறத்தில் கறுத்துப் பளபளத்தன. பண்ணைக்காரர் நல்லது செய்வதாக நினைத்து, மாட்டுக்கு வாங்கிய கலவையைச் செம்மறிக்கும் போட்டிருந்தார். அதில் செம்பு அதிகம். செம்மறி ஆட்டுக்குச் செம்பை வெளியேற்றத் தெரியாது, கல்லீரலில் அடைத்துக்கொண்டே போகும். வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் மழையிலோ வண்டிப் பயணத்திலோ ஆடு கொஞ்சம் வாடினால் போதும், அடைத்து வைத்த செம்பு மொத்தமாக ரத்தத்தில் கொட்டிச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். இதற்கு மாற்று இன்னொரு நுண்தாது, மாலிப்டினம். அதுவும் கந்தகமும் ஆட்டின் முதல் வயிற்றில் சேர்ந்தால் செம்பைக் கட்டிப்போடும் கூட்டுப்பொருள் உண்டாகும். மீதி ஆடுகளுக்கு அதைத்தான் கொடுத்தோம். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் இதற்கு நேர்மாறு. அங்கே சில மேய்ச்சல் நிலங்களில் மாலிப்டினம் தானாகவே அதிகம். மாடுகள் செம்புப் பற்றாக்குறையால் கழிந்து மெலிந்தன. காரணம் மாலிப்டினம் என்று 1938இல் கண்டுபிடித்துச் செம்புச் சல்பேட் கொடுத்துத் தேற்றினார்கள். ஓரிடத்தில் விஷம், இன்னோரிடத்தில் மருந்து. அதே 1938இல்தான் அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டாவில், செலீனியம் மிகுந்த தானியம் தின்று நோயுறும் விலங்குகளை ஆர்சனிக் காக்கிறது என்றும் கண்டார்கள். ஆர்சனிக்கை மருந்தென்று யாராவது சொல்வார்களா? அங்கே அப்படித்தான் வேலை செய்தது. இரண்டும் கல்லீரலில் ஒன்றோடொன்று பிணைந்து பித்தத்தில் வெளியேறின.

ஈயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது தங்கும் முக்கிய இடம் எலும்பு. சுண்ணாம்பும் இரும்பும் குறைந்தால் அதிகம் உறிஞ்சப்படும் என்பது உறுதி. ரத்தச் சிவப்பு தயாராகும் வழியில் துத்தநாகத்தை வைத்து வேலை செய்யும் ஒரு நொதி இருக்கிறது. ஈயம் அந்தத் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து நொதியை முடக்கும். பால் கொடுக்கும் காலத்தில் தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்பு இறங்கும்போது பழைய ஈயமும் கொஞ்சம் இறங்கும். ஆகவே அம்மாவுக்குப் பால், தயிர், கீரை குறையாமல் பார்த்துக்கொள்வது நுண்தாது மாத்திரை எதையும்விட மேல்.

பாதரசத்தை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் பிள்ளை பெற்ற வீடு என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஈரல் இல்லை, பால்சுறா. உங்கள் மாமியார் அடுத்து அதைத்தான் வாங்கி வருவார் என்று பந்தயம் கட்டுவேன். செலீனியத்தின் புகழெல்லாம் பாதரசத்தை வைத்து வந்ததுதான். 1967இல் எலிகளில் பாதரச உப்பின் கேட்டைச் செலீனியம் தடுத்தது தெரிந்தது. 1972இல் காடைகளுக்கு, மீனில் சேரும் பாதரச வடிவமான மீத்தைல் பாதரசம் கலந்த தீவனம் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் சூரை மீன் சேர்த்த தீவனம் தின்ற காடைகள் அதிக நாள் உயிரோடு இருந்தன. சூரையில் இருந்த செலீனியம்தான் காரணம் என்று கருதினார்கள். கடல் பாலூட்டிகளின் கல்லீரலில் பாதரசமும் செலீனியமும் ஏறக்குறைய அணுவுக்கு அணு சமமாகக் கிடக்கின்றன. வயதான திமிங்கிலங்களின் கல்லீரலில் இரண்டும் சேர்ந்து கல் துகளாகவே உறைந்திருக்கின்றன. இதுவரை சந்தேகமில்லை. மீனில் செலீனியம் இருப்பதால் அதிலுள்ள பாதரசத்தைக் கண்டு கர்ப்பிணிகள் பயப்பட வேண்டாம் என்று சிலர் அடுத்த படிக்குத் தாவுவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. செஷல்ஸ் தீவுகளில் நிறைய மீன் சாப்பிட்ட தாய்மார்களின் பிள்ளைகளிடம் தெளிவான பாதிப்பு தெரியவில்லை. ஃபாரோ தீவுகளில் திமிங்கிலக் கறி சாப்பிட்டவர்களின் பிள்ளைகளிடம் கவனத்திலும் நினைவாற்றலிலும் நுட்பமான பின்னடைவு தெரிந்தது. வித்தியாசத்துக்குச் செலீனியமும் காரணமாக இருக்கலாம் என்பது ஒரு கட்சி. ஆனால் ஃபாரோ ஆய்வாளர்கள் தங்கள் தரவுகளிலேயே தேடியபோது அதற்குப் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை. முடியாத வழக்கு இது. வழக்கு முடியும்வரை கைக்குழந்தையை வைத்துச் சோதனை செய்ய வேண்டாம். சுறா பெரிய மீன்களைத் தின்று நெடுநாள் வாழும் மீன், பாதரசம் அதில் கூடுதல். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சுறாவையும் வைத்திருக்கிறது.

சரி, தேக்காவில் வாங்கும் ஈரலுக்கு வருவோம். இங்கே விற்கும் ஆட்டிறைச்சியில் பெரும்பங்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. அங்கேயும் நியூசிலாந்திலும் மேய்ச்சல் நிலங்களில் பல பத்தாண்டுகளாக நவுரு, கிறிஸ்துமஸ் தீவுகளின் பாறையிலிருந்து செய்த பாஸ்பேட் உரம் போட்டார்கள். அந்தப் பாறையில் காட்மியம் இயல்பாகவே அதிகம். உரத்திலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து ஆட்டுக்கும் போகிறது. வயது ஏற ஏறச் சேரும் என்பதால், நியூசிலாந்தில் முப்பது மாதத்துக்கு மேற்பட்ட ஆடு மாடுகளின் சிறுநீரகத்தை மனித உணவுக்கு விடுவதில்லை. ஆஸ்திரேலியாவிலும் சில வட்டாரங்களில் வயதான விலங்குகளின் சிறுநீரகத்துக்கு அப்படிக் கட்டுப்பாடு உண்டு. அவர்கள் தாதுக் கலவையை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை, உறுப்பையே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பாடமாகவே தெரிகிறது. இங்கே இறக்குமதியைச் சிங்கப்பூர் உணவு அமைப்பு சோதிக்கிறது, அதனால் பீதி அடையத் தேவையில்லை.

அளவு பிடிபட ஒரு கணக்குச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் காட்மியத்துக்கு அனுமதிக்கும் உச்சவரம்பு, கிலோவுக்கு ஆட்டிறைச்சியில் 0.05 மில்லிகிராம், ஈரலில் 0.5, சிறுநீரகத்தில் 1.0. எங்கே சேர்கிறது என்பது அந்த மூன்று எண்களிலேயே தெரிகிறது பாருங்கள். ஒருவர் வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மைக்ரோகிராம் வரை காட்மியம் உட்கொள்ளலாம் என்பது 2009இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த வரம்பு. அறுபது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரத்துக்கு 150 மைக்ரோகிராம். உச்சவரம்பைத் தொட்ட சிறுநீரகம் நூறு கிராம் சாப்பிட்டால் 100 மைக்ரோகிராம், ஈரல் நூறு கிராம் என்றால் 50. சோறு, கீரை, சிப்பி, நண்டு வழியாக வருவது தனிக் கணக்கு. நடைமுறையில் பெரும்பாலான ஈரல் அந்த வரம்புக்கு வெகு கீழேதான் இருக்கும், இளம் ஆடாக இருந்தால் இன்னும் குறைவு. அதனால் வாரம் ஒரு முறை ஈரல் வறுவலில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சுவரொட்டியில் காட்மியம் இவை இரண்டைவிடக் குறைவு, இரும்போ நிறைய. மாமியார் கைமருத்துவத்தில் அதுதான் முதல் மதிப்பெண் வாங்குகிறது. பிரசவத்தில் இழந்த இரும்பு திரும்பினால் குடலின் அந்த அகன்ற வாசலும் சுருங்கும், காட்மியமும் குறைவாக நுழையும். குண்டிக்காயை மட்டும், வாரா வாரம் வேண்டாம், எப்போதாவது போதும் என்று பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு என் படிப்பில் பாடம் இல்லை.

மாத்திரை விஷயம். பற்றாக்குறை இல்லாதவர் துத்தநாகத்தை அள்ளிப் போட்டுக்கொண்டால், குடல் செல்களில் அதே மெட்டலோதயோனின் பெருகி, இந்தமுறை செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செல் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடும். செம்பு மிகுந்து வரும் வில்சன் நோய்க்குத் துத்தநாகத்தை மருந்தாகக் கொடுப்பதே இதனால்தான். அந்த நோய் இல்லாதவருக்கு அதுவே ரத்தசோகையில் கொண்டுபோய் விடும். பெரியவர்களுக்கு நாளுக்கு 40 மில்லிகிராம் துத்தநாகம் என்பது அமெரிக்காவில் வைத்திருக்கும் மேல் எல்லை. செலீனியத்தின் எல்லை இன்னும் குறுகலானது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் அதை நாளுக்கு 255 மைக்ரோகிராம் என்று வைத்தது. தாண்டினால் முடி கொட்டும், நகம் உதிரும். இன்னொரு வேடிக்கை, துத்தநாகத் தாதுவில் இயற்கையாகவே காட்மியம் கலந்திருக்கும். சரியாகச் சுத்திகரிக்காத மலிவான தீவனத் துத்தநாகத்தில் காட்மியத்தை நானே அளந்திருக்கிறேன். முறிவு மருந்தோடு விஷத்தையும் சேர்த்து விற்ற கதை.

உங்கள் வீட்டுக்கு இப்போது வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனை, ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும். இரும்பு குறைவு என்று வந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் இரும்பு மாத்திரை. வீட்டில் யாராவது புகைப்பவர் இருந்தால் அதைப் பற்றியும் பேசுங்கள். ஒரு சிகரெட்டில் ஒன்றிரண்டு மைக்ரோகிராம் காட்மியம் இருக்கிறது, நுரையீரல் குடலைவிடத் தாராளமாக அதை உள்ளே விடும். புகைப்பவர் உடம்பில் காட்மியம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்புறம் அந்தப் பால்சுறாவுக்குப் பதில் நெத்திலியோ சாளையோ கானாங்கெளுத்தியோ வாங்கச் சொல்லுங்கள். புட்டு அதிலும் நன்றாகத்தான் வரும். முள் எடுக்கும் வேலையை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.